எச்சத்தில் வளை தோண்டிய பறவை

பென்குயின் இனங்கள் மொத்தம் 18 என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றுள் அதிகம் எழுதப்பட்டது, அண்டார்டிக்காவின் கடுங்குளிரில் ஆண் பறவை இரண்டு மாதங்களுக்கும் மேலாக உண்ணாமல் நின்று, தன் பாதங்களின் மீது ஒற்றை முட்டையை வைத்து அடைகாக்கும் பேரரசப் பென்குயின்தான். அதன் புகழில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆயினும் சில மாதங்களாக நான் தேடித் தேடிப் படித்து வருவது, பனியையே பார்த்திராத, வெயிலோடு மல்லுக்கட்டும் ஆப்பிரிக்கப் பென்குயினைப் பற்றித்தான்.

நமீபியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதி வரையுள்ள கரைகளிலும் தீவுகளிலும் மட்டுமே இது இனப்பெருக்கம் செய்கிறது. ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள இப்பறவை கழுதையைப் போலக் கத்தும்; ஆங்கிலத்தில் இதற்குக் கழுதைப் பென்குயின் என்றே ஒரு பெயர் உண்டு. கண்ணுக்கு மேலே இறகற்ற இளஞ்சிவப்புத் தோல் இருக்கிறது. உடல் சூடேறும்போது அங்கே இரத்தம் மிகுதியாகப் பாய்ந்து காற்றில் வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தில் நீந்துவதற்காக அமைந்த உடல் கரையில் வெயிலைத் தாங்க வேண்டியிருப்பதால், முட்டைக்கும் குஞ்சுக்கும் நிழல் இன்றியமையாதது.

அந்த நிழலைத் தந்தது எச்சம். மழை குறைந்த அத்தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் பல நூற்றாண்டுகளாகப் படிந்து பல அடி உயரத்துக்கு இறுகியிருந்தது. பென்குயின்கள் அதற்குள் வளை தோண்டி இரண்டு முட்டைகளை இட்டன. குவானோ எனப்படும் அந்த எச்சம் வயலுக்குச் சிறந்த எரு என்று ஐரோப்பியர் கண்டுகொண்டபின், 1840களில் நமீபியக் கரையை ஒட்டிய இச்சாபோ என்னும் சிறு தீவை நூற்றுக்கணக்கான கப்பல்கள் மொய்த்தன; இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அடிப்பாறை தெரியுமளவுக்கு அதைச் சுரண்டி முடித்தார்கள். மற்றத் தீவுகளிலும் இதுவே தொடர்ந்தது. வளை இழந்த பறவைகள் திறந்தவெளியில் முட்டையிட்டன. வெயில் ஏறும்போது தாய் தந்தையர் தண்ணீரைத் தேடிப் போக, கடற்காக்கைகள் முட்டைகளைக் கொத்திச் சென்றன. போதாக்குறைக்கு மனிதர்களும் லட்சக்கணக்கில் முட்டைகளைப் பொறுக்கி உண்டார்கள்; அது 1960களின் இறுதியில்தான் நின்றது. இன்று அங்கே செயற்கைக் கூடுகளை வைக்கிறார்கள். ஒரு காலத்தில் எச்சம் இலவசமாகச் செய்த வேலை அது.

வீட்டைவிடப் பெரிய சிக்கல் உணவு. பறக்கும் பறவைகள் பலவும் இறகுகளைச் சிறிது சிறிதாக உதிர்க்கின்றன. பென்குயினோ ஆண்டுக்கொரு முறை மொத்தத்தையும் ஒரே வீச்சில் மாற்றிக்கொள்கிறது. நீர்புகாத அங்கி இல்லாத அந்த மூன்று வாரமும் கடலில் இறங்க முடியாது என்பதால், முன்கூட்டியே தின்று கொழுத்துக் கரையேறி, எடையில் பாதிக்கு அருகில் இழந்து, மீண்டும் கடலுக்குள் இறங்குகிறது. இறகுதிர்க்கும் பருவம் வந்துவிட்டால், வளராத குஞ்சுகளைப் பெற்றோர் கைவிடுவதும் உண்டு. ஆகவே உதிர்ப்புக்கு முன்பும் பின்பும் அருகிலேயே மத்தியும் நெத்திலியும் கிடைத்தாக வேண்டும். அந்த மீன்கூட்டங்களில் பெரும்பகுதி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மேற்குக் கரையை விட்டுத் தென்கிழக்கே நகர்ந்துவிட்டது. மிச்சத்தைச் சுருக்குவலைப் படகுகள் அள்ளுகின்றன. இளம் பென்குயின்களோ, குளிர்ந்த, மிதவையுயிரிகள் செழித்த நீரைக் கண்டால் மீன் இருக்கும் என்ற பழைய குறிப்பை நம்பி மேற்கே சென்று பட்டினி கிடக்கின்றன.

இப்பறவையின் மன உறுதியைக் காட்டும் ஒரு நிகழ்வு 2000 ஜூனில் நடந்தது. டிரெஷர் என்ற சரக்குக் கப்பல் கேப்டவுன் அருகே மூழ்கி, ராபன், டாசன் தீவுகளைச் சுற்றி எண்ணெய் பரவியது. எண்ணெய் படிந்த சுமார் 19,000 பறவைகளைக் கழுவினார்கள். எண்ணெய் படாத ஏறத்தாழ அதே எண்ணிக்கைப் பறவைகளை லாரிகளில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே போர்ட் எலிசபெத் அருகே கடலில் விட்டார்கள். அவை நீந்தித் திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது கணக்கு. பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயரிடப்பட்ட மூன்று பறவைகளைச் செயற்கைக்கோள் கருவி மூலம் உலகமே பின்தொடர்ந்தது. சில வாரங்களில் அவை வழி தவறாமல் வீடு சேர்ந்தன.

எண்ணெயிலிருந்து மீட்க முடிந்த அளவுக்குப் பசியிலிருந்து மீட்க முடியவில்லை. இனப்பெருக்க இணைகள் 10,000க்கும் கீழே குறைந்ததால், 2024இல் மிக அருகிய இனமாக இது அறிவிக்கப்பட்டது. பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2025 மார்ச்சில் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, ஆறு முக்கிய வாழிடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலி பிடிக்கப் பத்தாண்டுகளுக்குத் தடை வந்தது. சரிவு இதே வேகத்தில் தொடர்ந்தால் இப்பறவை இயற்கையில் அற்றுப்போகக்கூடும் என்று ஆய்வாளர்கள் முன்பே குறித்திருந்த ஆண்டும் 2035தான்.