பெரியப்பா வருகிறார், புறாக் கூண்டைக் கவனிக்க வேண்டும்

மே 4, 2025, ஞாயிறு

பெரியப்பா அடுத்த வாரம் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்து தங்கப் போகிறார். சிறுநீரக மாற்று அறுவை ஆனவர். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவர் விடவே முடியாது. அவருக்கு ஒதுக்கிய மாடி அறையின் சன்னலுக்கு நேரே தம்பியின் புறாக் கூண்டு இருக்கிறது. கீழே வேறு அறை கொடுக்கச் சொன்னேன்.

"புறாவுக்கு ஒரு சீக்கும் இல்லையேண்ணே" என்றான் தம்பி. உண்மைதான். நான் பயந்தது கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலையும் மூளையுறையையும் தாக்கும் அது, பொதுவாகப் புறாவைப் படுக்க வைக்காது. புறாவின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி, அதில் பூஞ்சைக்குத் தாக்குப்பிடிப்பது கடினம். ஆனால் காய்ந்த எச்சத்தில் சுகமாக வளரும். புறா எச்சத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் செஸ்டர் எம்மன்ஸ் 1955லேயே எழுதிவிட்டார்.

மே 6, செவ்வாய்

விளக்குமாற்றோடு மாடியேறிய அக்காவை நிறுத்தினேன். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசி கிளம்பும், மூச்சோடு உள்ளே போவது அந்தத் தூசிதான். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, அப்புறம் சுரண்டிப் பையில் கட்டினோம். எல்லோருக்கும் என்-95 முகக்கவசம், கையுறை.

"இத்தனை வருசமாப் பெருக்குறேன், ஒண்ணும் ஆகலையே தம்பி" என்றார். நல்ல உடம்புக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் பூஞ்சையே இல்லாவிட்டாலும், புறாத் தூசியின் ஒவ்வாமை சிலருக்கு நாளாவட்டத்தில் நுரையீரலைக் கெடுத்துவிடும். இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் திறக்கும்போது உள்முற்ற வளவெல்லாம் புறா எச்சம், வௌவால் எச்சம். அள்ளுகிறவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார்கள். அது போதாது. முகக்கவசம் வாங்கித் தர வேண்டியது வீட்டுக்காரர்கள்தான்.

மே 8, வியாழன்

இந்தப் பூஞ்சை நோய் வந்தால் எப்படித் தெரியும் என்று தம்பி கேட்டான். சிலருக்கு நுரையீரலோடு நிற்கும், இருமலும் காய்ச்சலும் இருக்கும். மூளையுறைக்குப் போய்விட்டால் வாரக்கணக்கில் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பேச்சில் குழப்பம். எச்ஐவி முற்றியவர்கள், மாற்று அறுவை ஆனவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

லேபில் நான் பார்த்ததையும் சொன்னேன். முதுகுத்தண்டில் எடுத்த நீரில் இந்தியா இங்க் என்ற கருப்பு மையை ஒரு சொட்டு கலந்தால், கருப்புக்கு நடுவே பூஞ்சையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். இப்போது பூஞ்சையின் கூறுகளைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை இன்னும் நன்றாகப் பிடித்துவிடுகிறது. ஆம்போடெரிசின், ஃப்ளூகோனசோல் என்று மருந்தும் இருக்கிறது. தாமதம்தான் ஆளைக் கொல்கிறது.

மே 11, ஞாயிறு

பெரியப்பா வந்துவிட்டார், கீழறையில் இருக்கிறார். கூண்டு தோட்டத்துக் கோடிக்குப் போய்விட்டது. தம்பி புறாக்களை விற்க வேண்டியதில்லை, பெரியப்பா கூண்டுப் பக்கம் போகாமலிருந்தால் சரி. தலைவலி நாள்கணக்கில் விடாமல் இருந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மாற்று அறுவை டாக்டரிடமே போக வேண்டும், தங்கின வீட்டில் புறா இருந்ததையும் சொல்ல வேண்டும் என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.