எண்களில் ஒரு நிலா: மூன்றாவது தாள் கைகொடுத்தது

நிலாப் படத்தை எண்களாக்கி, கட்டம் கட்டமாகக் கையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டபின் மூன்றாவதில் நிலா எழுந்து வந்துவிட்டது. கீழே இன்னும் 12 பட்டைகள் பாக்கி, ஆனாலும் சொல்ல அதுவரை பொறுமை இல்லை.

1965 ஜூலையில் நாசாவின் மரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்தபோது, ஒரு படம் வந்து சேர ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடித்தது. கணினி படமாக்கித் தரும்வரை காத்திருக்க மனமில்லாத ஜேபிஎல் (நாசாவின் ஆய்வுக்கூடம்) பொறியாளர்கள், ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் எண்ணாகக் காட்டி அச்சாகி வந்த பட்டைகளை வரிசையாகப் பொருத்தி, பாஸ்டல் வண்ணக் குச்சிகளால் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். 200×200 புள்ளிகள், 64 படி வெளிச்சம். அதே வேலையைத்தான் தொலைநோக்கியில் கைபேசியை வைத்து எடுத்த வளர்பிறை ஒன்பதாம் நாள் நிலவுக்குச் செய்கிறேன்: 100×100, ஐந்து மில்லிமீட்டர் கட்டம், ஆறு வண்ணம்.

அந்த ஆறு வண்ணங்களைப் பங்கிடுவதில்தான் உயிர் போயிற்று. முதல் தாளில் 64 படிகளையும் சமமாகப் பிரித்தேன். ஆனால் நிலவின் முக்கால்வாசிக் கட்டங்கள் 20க்கும் 36க்கும் நடுவிலேயே குவிந்து கிடந்தன. மழைக்கடல் என்ற இருண்ட சமவெளியும் அதைச் சுற்றிய மேடும் ஒரே செங்கல் நிறக் கூழாகிவிட்டன. பிறகு கறுப்பு வானத்தை ஒதுக்கிவிட்டு, எந்த எண் எத்தனை கட்டத்தில் வருகிறது என்று எண்ணி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கட்டம் கிடைக்கும்படி எல்லைகளை நகர்த்தினேன். பிளேட்டோ பள்ளத்தின் இருண்ட தரை பளிச்சென்று பிரிந்து நின்றது! விண்கலப் படங்களில் இப்படித்தான் வேறுபாட்டைக் கூட்டுகிறார்கள் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கை நோக எண்ணிப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

இரண்டாவது தாளைக் கெடுத்தது, பாஸ்டல் உதிராமல் இருக்க மேலே தெளிக்கும் ஃபிக்ஸட்டிவ். ஒரே மூச்சில் அடித்ததில் வெளிர்மஞ்சள் முழுக்க மங்கிப் பழுப்பாகிவிட்டது. இப்போது தூர நின்று, மெல்லிய பூச்சாக, காயவிட்டுக் காயவிட்டு அடிக்கிறேன். பாஸ்டலைச் செட்டாக வாங்காதீர்கள், பச்சையும் ஊதாவும் பெட்டியிலேயே தூங்கும். பழுப்புக் குடும்பத்தில் ஒற்றைக் குச்சிகளாகப் பொறுக்கி எடுங்கள்.

எண்களை வாசித்துக் கொடுப்பது அக்கா. தொலைநோக்கிப் பக்கமே வராதவள். ஒரு பட்டையின் நடுவில் “நாற்பத்தாறு, ஒன்பது...” என்று வாசித்தவள் நிறுத்திவிட்டு, “திடீர்னு இவ்வளவு இறங்குதே, இங்க பள்ளமா?” என்றாள். கோப்பர்நிக்கஸ்! 93 கிலோமீட்டர் அகலப் பள்ளம், என் தாளில் இரண்டரைக் கட்டம்கூட இல்லை. அதன் உள்நிழலை எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிரவு அவளாகவே வந்து கண்ணாடியில் கண் வைத்தாள்.

அடுத்தது சுவரளவு நிலா. நட்சத்திரம் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பட்டை கொடுத்து, கடைசியில் ஒன்றாக ஒட்டவேண்டும். அதற்குள் இதை முடிக்கவேண்டும். இன்றைய பட்டையில் கிளேவியஸ் பள்ளம் வருகிறது. எங்கே என்று அக்காவிடம் சொல்லப்போவதில்லை.