தாளில் காண்ட்ராக்ட், பட்டறையில் என் ஆள்

2023-இல் என் மாடுலர் கிச்சன் பட்டறையில் ஒரு கார்பென்டருக்கு அறுக்கிற மெஷினில் இடது கை ஆட்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது. பெரிய ஷீட் நுழையவில்லை என்று பிளேடுக்கு மேலே இருக்கும் மூடியைக் கழற்றச் சொன்னது நான்தான். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போகும்போது அவர் சொன்னது, "அண்ணா, நாளைக்கு அந்த வீட்டுல ஃபிட்டிங் இருக்கே." அதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினேன். அதோடு என் கடமை முடிந்தது என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் அவரிடம் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தேன்: இவர் தனி ஒப்பந்தக்காரர், சதுர அடிக் கணக்கில் கூலி, விபத்து நடந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. எங்கள் லைனில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

தெரிந்த வழக்கறிஞர் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மெஷின் யாருடையது, பிளைவுட் வாங்கிக் கொடுப்பது யார், காலையில் எத்தனை மணிக்கு வரச் சொல்வீர்கள், வேலை சரியில்லை என்றால் திரும்பச் செய்யச் சொல்வீர்களா, ஊருக்குப் போக லீவு கேட்பாரா, அவருக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பினால் ஒத்துக்கொள்வீர்களா என்று வரிசையாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. "அப்புறம் என்ன காண்ட்ராக்ட்? அவர் உங்க ஆள்தான்" என்றார்.

1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கையும் அவர்தான் சொன்னார். அங்கே டெய்லர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி, துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைக்கலாம், வேறு கடைக்கும் தைத்துக் கொடுக்கலாம். ஆனால் கடையில் உட்கார்ந்து தைத்தால் மெஷின் கடைக்காரருடையது, எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்பவரும் அவர், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பவரும் அவர். அதனால் அவர்கள் தொழிலாளிகளே என்று கோர்ட் சொல்லிவிட்டது. பீஸ் ரேட்டோ சதுர அடியோ, கூலியை எந்தக் கணக்கில் கொடுக்கிறோம் என்பது மட்டுமே விஷயத்தைத் தீர்மானிப்பதில்லை.

என் பட்டறையில் மொத்தம் ஆறு பேர், விபத்து நடந்தால் பணம் கொடுக்கும் இ.எஸ்.ஐ. அரசுக் காப்பீடு கிடையாது. ஆகவே அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் நேராக என் தலையில். அப்போதைய கணக்கு இப்படி: மாதக் கூலி எவ்வளவு அதிகமானாலும் 15,000 ரூபாய் வரைக்கும்தான் எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. வயது 35 என்பதால், சட்டத்தின் அட்டவணையில் அந்த வயதுக்கு உள்ள எண்ணான 197.06-ஆல் அதைப் பெருக்க வேண்டும். ஆட்காட்டி விரலில் ஒரு கணு போனால் அட்டவணைப்படி 9 சதவீத இழப்பு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1 லட்சத்து 60 ஆயிரம், சிகிச்சைச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, இழப்பீட்டு ஆணையர் நினைத்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதே சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது அப்படியே இருக்கிறது.

நிஜமான காண்ட்ராக்டர் யார் என்றால், எங்களுக்கு கிரானைட் போடுபவரைச் சொல்லலாம். சொந்த மெஷின், சொந்த ஆட்கள், விலையை அவரே சொல்வார், நாலைந்து கடைக்குச் செய்கிறார். ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. நம் தொழிலின் வழக்கமான வேலையை அவரிடம் விட்டிருக்கும்போது அவருடைய ஆளுக்கு அடிபட்டால், அந்தத் தொழிலாளி நம்மிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்துவிட்டு அப்புறம் காண்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்வது நம் பாடு. இது தெரியாத முதலாளிகள் நிறைய.

அந்தக் கார்பென்டருக்கு இரண்டு தவணையில் முழுத் தொகையையும் கொடுத்தேன். நகையை அடகு வைத்துத்தான். அதற்குப் பிறகு ஆறு பேருக்கும் சேர்த்து இழப்பீட்டு பாலிசி போட்டேன், கூலிப் பதிவேடு வைத்தேன். அவர் இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறார். மூடியை மாட்டியதும் அவரேதான். பெரிய ஷீட் வந்தால் வெளியே கொடுத்து அறுத்து வாங்கிக்கொள்கிறோம்.