அம்மாவின் இருநூறு பவுணும் விதானையாரின் கடிதமும்

கிழக்கு இலண்டனில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு 2024 ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்கான எரிபொருள் கொடுப்பனவு மறுவருடம் மார்ச் மாதத்தில், மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தது. இருநூறு பவுணுக்காக ஐந்து மாதம் அலைந்தோம். யாழ்ப்பாணத்தில் தென்மராட்சியிலுள்ள ஒரு கிராமத்தின் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், இரண்டு தடவை கடிதம் வாங்க வேண்டியிருந்தது. இதே வழியில் போக வேண்டிய பெற்றோர் நம்மிடையே இன்னும் பலர் இருப்பதால், எங்கெங்கே கால் இடறியது என்பதை எழுதி வைக்கிறேன்.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். கோர்டன் பிரவுண் நிதியமைச்சராக இருந்த 1997 இல் தொடங்கப்பட்ட இந்தக் கொடுப்பனவு, ஏழை பணக்காரர் என்று பாராமல் ஓய்வூதிய வயதை எட்டிய அனைவருக்கும் சென்றது. எண்பது வயதுக்குக் குறைந்தவர்கள் உள்ள வீட்டுக்கு 200 பவுண், எண்பதைக் கடந்தவர் இருந்தால் 300 பவுண். 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், இனிமேல் பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவிகளைப் பெறுவோருக்கு மட்டுமே அது கிடைக்கும் என்று அறிவித்தார். செப்டம்பர் 10 அன்று இந்த மாற்றத்தை நிறுத்தக் கோரிய எதிர்க்கட்சித் தீர்மானம் பாராளுமன்றத்தில் 348க்கு 228 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில், வாழ்க்கைச் செலவு உதவியும் சேர்ந்து, அம்மாவின் வங்கிக் கணக்கில் 500 பவுண் தானாகவே விழுந்திருந்தது. இந்த முறை ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார். "கை நீட்டி வாங்கித்தான் நான் சூடு காய வேணுமோ, பிள்ளை?" என்று கேட்டார். எல்லோருக்கும் வந்தபோது அந்தப் பணத்தை அவர் ஒரு நாளும் பிச்சையாக நினைத்ததில்லை. அப்பா இருபது வருடம் இரவு வேலை செய்து வரி கட்டிய நாட்டிலிருந்து வருகிற ஒன்றாகவே நினைத்தார். ஏழை என்று நிரூபித்தால்தான் கிடைக்கும் என்று ஆனதும் அதே இருநூறு பவுண் அவருக்கு அவமானமாகிவிட்டது. அவரைச் சம்மதிக்க வைக்கவே மூன்று வாரம் பிடித்தது.

அப்பாவின் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு ஆண்டுகள் குறைவு என்பதால் அம்மாவுக்கு வாரம் 131 பவுண் 40 பென்சுதான் ஓய்வூதியம் வருகிறது. 2024 இல் தனியாக வாழும் ஒருவருக்குப் பென்ஷன் கிரெடிட் உறுதி செய்த வார வருமானம் 218 பவுண் 15 பென்ஸ். சேமிப்பில் முதல் 10,000 பவுணைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு 500 பவுணுக்கும், மிச்சத் துண்டு உட்பட, வாரம் ஒரு பவுண் வருமானமாகச் சேர்ப்பார்கள். அம்மாவின் இறுதிக் கிரியைக்கென்று ஒதுக்கியிருந்த 13,400 பவுணுக்கு இந்தக் கணக்கில் வாரம் ஏழு பவுண் வந்தது. எல்லாம் கழித்த பிறகும் அவருக்கு வாரம் 79 பவுண் 75 பென்ஸ் வர வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்கு அது நாலாயிரம் பவுணுக்கு மேல். அப்பா 2017 இல் காலமானார். அந்த ஏழு வருடமும் அம்மா இதைக் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை, யாரும் எங்களிடம் சொல்லவுமில்லை. பின்னோக்கிக் கொடுப்பது மூன்று மாதத்துக்கு மட்டும்தான். அந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தகுதியிருந்தும் கேட்காத முதியவர்கள் 880,000 பேர் வரை இருக்கலாம் என்று அரசே அந்தக் கோடையில் சொன்னது. அந்த எண்ணிக்கைக்குள் என் அம்மாவும் இருந்திருக்கிறார்.

முதல் தவறு அக்டோபரில் நடந்தது. விண்ணப்பப் படிவத்தில் 243 கேள்விகள் என்று செய்திகளில் அடிபட்டதால் பயந்து, அம்மாவை அழைத்துக்கொண்டு ஓர் ஆலோசனை மையத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாப் பத்திரங்களும் கைக்கு வந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும், குறையோடு போட்டால் நிராகரித்துவிடுவார்கள் என்று அழுத்திச் சொன்னார். அதை நம்பி நாங்கள் வங்கிக் கூற்றுகளைச் சேகரிக்கத் தொடங்கினோம். அம்மாவின் பழைய சேமிப்புக் கணக்கு இருந்த வங்கிக் கிளை மூடப்பட்டிருந்தது. இரண்டு பஸ் மாறிப் போன அடுத்த கிளையில், அம்மாவின் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்கில் அப்பாவின் பெயர் பின்னால் இருந்தது, கடவுச்சீட்டில் முன்னால் இருந்தது. எழுபத்தெட்டு வயதில், முழங்கால் வாதத்தோடு, மழைக்குள் வந்து போன அந்தப் பயணத்துக்குப் பிறகு அம்மா இரண்டு நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை.

அந்த ஆலோசனை முற்றிலும் பிழையானது என்பதை டிசம்பர் நடுப்பகுதியில்தான் அறிந்தேன். விண்ணப்பம் பதிவாகும் திகதியே முக்கியம். ஆதாரங்களைப் பிறகும் அனுப்பலாம். செப்டம்பர் 16 முதல் 22 வரையான வாரத்தில் ஒரு நாளுக்காவது பென்ஷன் கிரெடிட் உரித்து இருந்தால்தான் அந்தக் குளிர்காலக் கொடுப்பனவு கிடைக்கும். மூன்று மாதம் பின்னோக்கிப் போகலாம் என்பதால் விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 21. பத்திரங்கள் சேரட்டும் என்று இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: முதலில் விண்ணப்பத்தைப் பதியுங்கள், கடதாசிகளைப் பிறகு தேடுங்கள்.

டிசம்பர் 18, புதன்கிழமை காலையில் தொலைபேசியில் அழைத்தோம். முதல் அழைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பின் துண்டிக்கப்பட்டது. இரண்டாவது அழைப்பில் கிடைத்த பெண் மிகவும் தன்மையாகப் பேசினார். அம்மா தன் பெயரையும் தேசியக் காப்புறுதி இலக்கத்தையும் தானே சொல்லி, "எனக்காக என் பிள்ளை பேசலாம்" என்று அனுமதி கொடுத்ததும், மீதியை என்னிடமே கேட்டு முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். பயந்த அளவுக்குக் கேள்விகள் வரவில்லை. பொருந்தாத பகுதிகளை அவரே தாண்டிப் போனார். விண்ணப்பம் செப்டம்பர் 18 முதல் கணக்கில் எடுக்கப்படும் என்று அவர் சொன்னபோது அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த அழைப்பில் ஒரு கேள்விக்கு உண்மையைச் சொன்னோம்: வெளிநாட்டில் சொத்து ஏதும் உண்டா? அம்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்ட நாலு பரப்புக் காணியும் அதிலிருக்கும் பழைய வீடும் ஊரில் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அதில் பெரியம்மா குடியிருக்கிறார், வயது எண்பத்திரண்டு. இதை மறைத்துவிடுங்கள் என்று எங்களுக்குச் சொன்னவர்களும் உண்டு. நாங்கள் மறைக்கவில்லை, நீங்களும் மறைக்காதீர்கள். பின்னாளில் தெரியவந்தால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், தண்டமும் வரலாம்.

ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. காணியின் சந்தை மதிப்பையும் உரிமைப் பத்திரத்தையும் ஆங்கிலத்தில் அனுப்பும்படி அதில் கேட்டிருந்தார்கள். அந்த மதிப்பைச் சேமிப்போடு கூட்டினால் அம்மாவுக்கு ஒரு சதமும் கிடைக்காது. விற்க முடியாத, விற்கவும் மனம் வராத, வயதான சகோதரி குடியிருக்கும் ஒரு வீட்டைக் காட்டி, இலண்டனில் கணப்பு மூட்ட முடியாத ஒருவரை வசதியானவர் என்று கணக்கிடுவது எப்படி நியாயமாகும் என்று மனம் கொதித்தது. நல்லவேளையாக விதி அப்படிச் சொல்லவில்லை. ஓய்வூதிய வயதை எட்டிய நெருங்கிய உறவினர் ஒருவர் அந்த வீட்டில் குடியிருந்தால் அதன் மதிப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த விதியை எங்களுக்கு எந்தக் கடிதமும் சொல்லவில்லை. பென்ஷன் விவகாரங்களில் தேர்ச்சியுள்ள ஒரு நண்பர்தான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் விதானையார் வந்தார். பெரியம்மாவின் மகன் அண்ணா, பெரியம்மா அந்த முகவரியில் வசிக்கிறார் என்ற உறுதிக் கடிதத்தைக் கிராம அலுவலரிடம் பெற்று, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கி அனுப்பினார். நாங்கள் அதை மொழிபெயர்த்து அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து, காணிச் சொந்தக்காரர் என்று கடிதத்தில் உள்ள பெண் யார் என்று கேட்டுப் பதில் வந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் அம்மாவின் பெயருக்கு முன்னால் தாத்தாவின் பெயர் இருந்தது. விதானையாரும் அதையே எழுதியிருந்தார். கலியாணத்துக்கு முன்பு தகப்பன் பெயரும் பின்பு கணவன் பெயரும் வரும் நம் வழக்கத்தை ஒரு பத்தியில் விளக்கி எழுதி, விவாகப் பதிவுச் சான்றிதழையும் மொழிபெயர்த்து இணைத்தேன். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று எழுதிய இரண்டாவது கடிதத்தையும் விதானையாரிடமிருந்து பெற்றோம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். ஊரிலிருந்து எந்தக் கடிதம் எடுத்தாலும் இரண்டு பெயர்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்த மாதங்கள்தான் குளிர் மிகுந்த மாதங்கள். அம்மாவின் குசினியில் மின்சாரமும் எரிவாயுவும் எவ்வளவு செலவாகின்றன என்று காட்டும் சிறிய திரை ஒன்று இருக்கிறது. வீடு சூடாகத் தொடங்கினால் அதன் விளக்கு பச்சையிலிருந்து செம்மஞ்சளாக மாறும். ஒரு சனிக்கிழமை நான் போனபோது அம்மா சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டரும் அப்பாவின் பழைய ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு, சுடுநீர்ப் பையை மடியில் வைத்தபடி, அந்தத் திரைக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கணப்பைப் போட்டேன். விளக்கு நிறம் மாறியதும் அவர் எழும்பிப் போய் அணைத்துவிட்டு, "நீ போன பிறகு காசு கட்டுறது நான்தானே" என்றார். ஏழு வருடமாகச் சட்டப்படி அவருக்கு உரிய பணம் அவரிடம் சேராமல் இருந்தது என்பதை நினைத்தபடி நான் அந்த அறையில் நின்றேன்.

மார்ச் முதல் வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. நிலுவை செப்டம்பரிலிருந்து மொத்தமாக வந்தது. இருநூறு பவுண் தனியாகப் பத்து நாள் கழித்து வந்தது. கூடவே, பென்ஷன் கிரெடிட் பெறும் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர் என்பதால் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் இல்லை, கவுன்சில் வரியிலும் குறைப்புக் கிடைத்தது. ஆனால் மின்கட்டணத்தில் 150 பவுண் குறைக்கும் திட்டம் அந்த வருடம் கைநழுவியது. அதற்கு 2024 ஆகஸ்ட் 11 அன்று பென்ஷன் கிரெடிட் பெற்றிருக்க வேண்டும்; எங்கள் உரித்து செப்டம்பர் 18 அன்றுதான் தொடங்கியது. ஒன்றுக்கு ஒரு திகதி, மற்றொன்றுக்கு வேறொரு திகதி. எழுபத்தெட்டு வயதுப் பெண் இதை எங்கே போய் அறிவார்?

வசதியுள்ளவர்களுக்கு இந்தக் கொடுப்பனவு போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. எங்கள் குடும்ப நண்பரான ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் ஒவ்வொரு வருடமும் அதை அப்படியே தருமத்துக்குக் கொடுத்துவிடுவார். தனக்கு அது தேவையில்லை என்று அவரே சொல்வார். ஆனால் 2024 இல் நடந்த வருமானச் சோதனை, வசதியுள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்கவில்லை. படிவம் நிரப்பப் பிள்ளைகள் உள்ளவரையும் இல்லாதவரையுமே பிரித்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும், விடுப்பு எடுக்க முடிந்தது, விதானையாரிடம் போக ஊரில் அண்ணா இருந்தார். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அம்மா கேட்காமல் விட்டவர்களின் எண்ணிக்கைக்குள்ளேயே இருந்திருப்பார்.

2025 ஜூன் 9 அன்று அரசு பின்வாங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுண் வரை உள்ள ஓய்வூதியர்களுக்குக் கொடுப்பனவு மீண்டது. பணம் எல்லோருக்கும் தானாகப் போகும், எல்லையைத் தாண்டியவர்களிடமிருந்து வரித்துறை திருப்பி எடுத்துக்கொள்ளும். இதுவும் வருமானச் சோதனைதான். ஆனால் இதன் சுமை, எல்லோருடைய வருமானமும் ஏற்கெனவே தெரிந்த வரித்துறையின் தோளில் இருக்கிறது, என் அம்மாவின் தோளில் இல்லை. வைத்தியருக்கும் பணம் வந்தது. வரிக் கணக்கில் அது கழிக்கப்படும் என்பது அவருக்குத் தெரியும், அவர் முறைப்பாடு செய்யவுமில்லை. இப்படியொரு வழி முதலிலேயே இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நவம்பரில் அம்மாவுக்கு இருநூறு பவுண் வந்தபோது நாங்கள் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கவில்லை.

இந்த மாற்றத்துக்குப் பிறகு, இனிப் பென்ஷன் கிரெடிட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி விட்டுவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் தனியாள் எல்லை வாரம் 227 பவுண் 10 பென்சாக உயர்ந்தது; எல்லைக்குக் கீழே உள்ளவர்களுக்கு வருடம் முழுவதும் போய்ச் சேர வேண்டிய பணம் அது. நோயாலோ மூட்டு வாதத்தாலோ பிறர் துணை தேவைப்படுபவர்கள் துணைப் பராமரிப்புக் கொடுப்பனவையும் (அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்) விசாரியுங்கள். அதற்கு வருமானம் பார்ப்பதில்லை, அது கிடைத்தால் பென்ஷன் கிரெடிட் எல்லையும் உயரக்கூடும்.

அம்மாவோடு கோவிலுக்கு வரும் ஓர் அம்மையார், வயது எண்பத்தொன்று, 2024 டிசம்பர் 21 ஐத் தவறவிட்டவர். அந்தக் குளிர்காலம் அவருக்கு ஒன்றும் வரவில்லை. இன்று வரை விண்ணப்பிக்கவுமில்லை. அவர் பெயரிலும் ஊரில் ஒரு காணி இருக்கிறது, அதில் அவருடைய தம்பி குடியிருக்கிறார். அம்மாதான் அவரோடு பேசிச் சம்மதிக்க வைத்தார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன். முதலில் தொலைபேசியில் விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டு, காணி உறுதியைப் பிறகு எடுத்துப் பார்ப்போம்.