பெல் டெலிபோன் விளம்பரங்கள்: 16 மி.மீ. பெட்டியில் பாதிக்கு மேல் முடிந்தது

அமெரிக்காவின் பழைய டெலிபோன் விளம்பரங்களைப் பிலிமாகச் சேர்த்து வருகிறேன். இப்போது கையில் இருக்கும் பெட்டி முழுவதும் பெல் சிஸ்டம். 1984 ஜனவரி 1 அன்று பிரிக்கப்படும் வரை அந்த நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு ஏ.டி. அண்ட் டி.யின் இந்தக் குடும்பம்தான் டெலிபோன் கம்பெனி.

அறுபதுகளில் வீடியோ டேப் விலை அதிகம். அதனால் விளம்பரங்கள் டிவி நிலையங்களுக்கு 16 மி.மீ. அகல பிலிம் பிரிண்ட்டாகவே போகும். ஒரு நிமிடத்துக்கு 36 அடி, உள்ளங்கையில் அடங்கிவிடும் சுருள். நிலையத்தில் பலவற்றை ஒட்டி ஒரே ரீலாக ஓட்டியிருக்கிறார்கள். டெலிபோனுக்கு முன்னால் ஒரு சோப்பு, பின்னால் ஒரு கார் என்று வருகிறது. நான் எதையும் வெட்டிப் பிரிப்பதில்லை. எது எதோடு ஓடியது என்பதும் தெரியவேண்டும்.

ரீலைத் திறந்ததும் முதல் வேலை மோந்து பார்ப்பது. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் நெடி வரும், பக்கத்து ரீல்களையும் அது கெடுக்கும். அப்படிப்பட்டவை இப்போது வேறு அறையில் இருக்கின்றன. மற்றவற்றைக் கையால் சுற்றும் ரிவைண்டரில் போட்டு, நூல் உதிராத துணியில் பிலிம் கிளீனர் தொட்டு மெதுவாகத் துடைத்து, விட்டுப்போன ஒட்டுகளைப் புதிதாக ஒட்டியிருக்கிறேன். சுருங்கிய பிலிமை ப்ரொஜெக்டரில் ஏற்றவே கூடாது, பற்கள் துளைகளைக் கிழித்துவிடும். எல்லாமே ஸ்கேனருக்குத்தான்.

எனக்கு அதிக சுவாரஸ்யம் ஆண்டு கண்டுபிடிப்பதில். கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். பிலிம் தயாரான ஆண்டை அவை சொல்லும், ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். அங்கேதான் படத்தில் இருக்கும் போன் உதவுகிறது. பட்டன் போன் 1963 நவம்பரில் பென்சில்வேனியாவில் வந்தபோது பத்தே பட்டன்கள்; நட்சத்திரமும் கட்டமும் சேர்ந்து பன்னிரண்டானது 1968-ல். டயல் கைப்பிடியிலேயே இருக்கும் டிரிம்லைன் போன் தெரிந்தால் 1965-க்கு முன்னால் இருக்க முடியாது. வடிவமைப்பாளர் சால் பாஸ் பெல்லுக்கு வரைந்த எளிமையான மணிச் சின்னம் வந்தால் 1969 அல்லது அதற்குப் பிறகு. இப்படி இரண்டு பக்கமும் நெருக்கினால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது.

வருத்தமும் உண்டு. 1959-ல் வந்த பிரின்சஸ் போனை வெள்ளை, பீஜ், பிங்க், நீலம், டர்க்வாய்ஸ் என்று நிறத்தைக் காட்டித்தான் விற்றார்கள். ஈஸ்ட்மன்கலர் என்ற கோடாக் வண்ண பிலிமின் பிரிண்ட்டில் சியான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்கும். என்னிடம் உள்ள பிரிண்ட்டில் எல்லா போனுமே பிங்க். ஸ்கேனில் ஓரளவு நிறத்தை மீட்டேன், ஆனால் நீலத்தையும் டர்க்வாய்ஸையும் பிரித்துக் காட்ட முடியவில்லை.

ஆண்டு வரிசையில் அடுக்கிய பிறகு ஒன்று தெளிவாகப் புரிகிறது. போட்டியே இல்லாத கம்பெனி எதற்கு இவ்வளவு செலவு செய்தது? போன் வாடகைக்குத்தான் கிடைக்கும், சொந்தமாக வாங்க முடியாது. எனவே படுக்கையறைக்கு இன்னொரு எக்ஸ்டென்ஷன் வைத்தால் மாதாமாதம் கூடுதல் வாடகை. இன்னொரு பக்கம் வெளியூர் கால்: இரவிலும் வார இறுதியிலும் கட்டணம் குறைவு, ஆபரேட்டரைக் கேட்காமல் நீங்களே டயல் செய்யுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். விற்றது பேசும் பழக்கத்தை. விளம்பரங்களில் வரும் பாட்டிகளும் பேரன்களும் சிரிக்கும் சிரிப்பு அவ்வளவு நன்றாகப் படமாக்கப்பட்டிருக்கிறது. இவை பாதுகாக்கப்படவேண்டியவை என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, தள்ளிவைத்த வினிகர் ரீல்களைத்தான் முதலில் ஸ்கேன் செய்யப்போகிறேன், அவற்றுக்கு அவகாசம் குறைவு. அப்புறம் 1979-ல் தொடங்கிய ‘ரீச் அவுட் அண்ட் டச் சம்ஒன்’ விளம்பர வரிசை.