ஜிஆர்ஈ வெர்பல்: 'செக்' என்ற ஒற்றைச் சொல் கற்றுக்கொடுத்தது

வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்ஈ தேர்வின் அதிகாரபூர்வ ஸ்கோர் வந்துவிட்டது, ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பலில் 163. மூச்சு விட முடிகிறது. குவான்ட் (கணக்குப் பகுதி) பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் (கோடிட்ட இடத்தை நிரப்புவது), சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் (ஒரே கோடிட்ட இடத்துக்கு, வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுப்பது) இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். தேர்வில் வந்த வாக்கியங்களை வெளியே சொல்லக்கூடாது என்பதால் கீழே உள்ள உதாரணம் நானே கட்டியது.

பட்டியல் பட்டியலாகச் சொற்களை உருப்போடச் சொல்வார்கள். அது ஒத்துவருபவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். எனக்குப் பட்டியலைக் கண்டாலே தூக்கம் சொக்கும். ஒரு சொல்லின் கதையைத் தோண்டச் சொன்னால் விடிய விடிய உட்காருவேன். என்னைக் கேட்டால், பல்லை உடைக்கும் சொற்களைவிட, சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று நாம் நம்பும் சொற்கள்தான் அங்கே காலை வாரும்.

'செக்' அப்படி ஒரு சொல். அமைச்சரின் அதிகாரத்தை ______ அவையில் ஆளில்லை, அதனால் அவர் வைத்ததே சட்டம் ஆனது. ஆப்ஷன்களில் செக், கர்ப் (அடக்கு), வெரிஃபை (சரிபார்) மூன்றும் இருக்கின்றன என்று வையுங்கள். 'செக் பண்ணு' என்று தினமும் சொல்லிப் பழகிய நமக்கு, செக்கை வெரிஃபையோடு ஜோடி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சரியான ஜோடி செக்கும் கர்ப்பும். இரண்டில் ஒன்று தப்பினாலும் பூஜ்யம்தான்.

இதன் வேர் சதுரங்கப் பலகையில் இருக்கிறது. பாரசீகத்தில் ஷா என்றால் அரசன். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது சொல்லும் எச்சரிக்கையும் அதுவே. அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பழைய பிரெஞ்சில் எஷெக் ஆகி, ஆங்கிலத்தில் செக் என்று நின்றது. அரசனுக்கு ஆபத்து வந்தால் மற்ற வேலையெல்லாம் அப்படியே நிற்கும், முதலில் அவனைக் காப்பாற்றியாக வேண்டும். தடு, நிறுத்து, அடக்கு என்ற பொருள்கள் கிளைத்தது இப்படித்தான். ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டு வாக்கில், பிற்பாடு சேர்ந்தது. பணம் எடுக்கும் செக்கும் இதே குடும்பம்: மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிரிட்டிஷ்காரர்கள் அதை வேறு மாதிரி எழுதுவதற்கு எக்ஸ்செக்கர் (அரசுக் கருவூலத் துறை) என்ற சொல்லின் தாக்கம் காரணம். 12-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து அரசனின் வரவு செலவைச் சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்ட துணியின் மேல் காய் வைத்துக் கணக்கிட்டார்கள். அந்தத் துணியால் துறைக்கே எக்ஸ்செக்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதை தெரிந்துவிட்டால் 'அன்செக்ட்' என்றால் கட்டுக்கடங்காதது என்றும், 'செக்கர்ட் கரியர்' என்றால் ஏற்றமும் இறக்கமும் கலந்தது என்றும் மனப்பாடம் செய்யாமலே வரும். பார்க்கப்போனால் பழைய பொருள் நம்மிடமும் இருக்கிறது. எதிரணிக்கு 'செக் வைத்தார்' என்று அரசியல் செய்தியில் படிக்கிறோமே, அதேதான்.

இதே பாணியில் நான் தோண்டியவை:

- வான்ட்: பெயர்ச்சொல்லாக, இல்லாமை
- குவாலிஃபை: சொன்ன கருத்தை மட்டுப்படுத்துவது
- டெம்பர்: வினையாக, காரத்தைக் குறைப்பது
- அரெஸ்ட்: வளர்ச்சியை நிறுத்துவது
- ஹஸ்பண்ட்: வினையாக, சிக்கனமாகக் கையாள்வது
- சாங்ஷன்: அனுமதி, தண்டனை இரண்டும் (வாக்கியம்தான் காட்டிக்கொடுக்கும்)
- டேபிள்: அமெரிக்காவில் ஒத்திவைப்பது, பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது

அகராதியில் வினைச்சொல் பதிவை முதலில் பாருங்கள், பிறகு கடைசியில் இருக்கும் சொற்பிறப்பு வரி. நடுவில் உள்ளதை அப்புறம் படிக்கலாம்.

நேரம் பற்றி ஒரே வார்த்தை. வெர்பலின் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15-க்கு 23. கோடிட்ட இடக் கேள்வி ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்தால்தான் பத்தி படித்துப் பதில் சொல்லும் கேள்விகளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

பத்தியில் 'இந்தச் சொல் இங்கே எந்தப் பொருளில் வருகிறது' என்று கேட்டால், எல்லாருக்கும் தெரிந்த பொருள் பெரும்பாலும் தூண்டில். ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் கையை எடுப்பேன்.