பங்சார் வட்டாரத்தின் தேர்தல் வரலாற்றைத் தேடி அலைந்த கதை

"கோலாலம்பூரில் நகர மன்றத் தேர்தல் நடந்ததே இல்லை." ஓர் அரசு அலுவலக முகப்பிடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதில் இது. இன்னமும் மனம் ஆறவில்லை. நடந்திருக்கிறது. 1952 பிப்ரவரி 16, சனிக்கிழமை. பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல் என்று 4 வட்டாரங்கள், 12 இடங்கள். மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் கைகோத்து நின்று 9 இடங்களைப் பிடித்தன. பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணி அந்தத் தேர்தலில்தான் முளைவிட்டது.

எங்கள் குடியிருப்பாளர் சங்க மலருக்குப் பங்சார் வட்டாரத்தின் தேர்தல் வரலாற்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இந்த அலைச்சல்.

அந்த எழுத்தர் இளைஞர். டத்தோ பண்டார், அதாவது மேயர், நியமிக்கப்படுவதைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பார். 1961 ஏப்ரல் 1 முதல் நகர மன்றத்தை எடுத்துவிட்டுத் தலைநகருக்கு ஆணையர் ஒருவரை அமர்த்தினார்கள். கோலாலம்பூர்வாசிகளின் உள்ளாட்சி வாக்கு அத்தோடு போயிற்று. சட்டமன்றமும் நமக்குக் கிடையாது. ஆகவே அவருக்குத் தெரியாததில் எனக்குக் கோபமில்லை. தெரியாது என்று சொல்லாமல், நடக்கவே இல்லை என்று அடித்துச் சொன்னாரே, அதுதான் கோபம்.

அங்கிருந்து இன்னொரு பிரிவு, பிறகு வேறொரு கட்டடம். அங்கே பல்கலைக்கழகக் கடிதம் கேட்டார்கள். மைகார்டு என்ற அடையாள அட்டை போதாதாம். வாதாடிக்கொண்டிருக்கும்போதே மணி 12.15 ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை. தொழுகை இடைவேளை, இனி 2.45க்குத்தான் என்று முகப்பிடத்தை மூடினார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளில், செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, எந்த ஆண்டு, எந்த ஆவணம் என்று குறித்துக் கொடுத்த கடிதத்தைப் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்பதில்லை.

அனுமதி கிடைத்த பிறகும் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. 1952 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நாளிதழ் மைக்ரோஃபிலிம் சுருள்கள் இருந்தன. எனக்கு வேண்டிய பிப்ரவரியின் பெட்டி காலி. பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றார்கள். எப்போது திரும்பும் என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

கடைசியில் கைகொடுத்தது சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு. வீட்டிலிருந்தே தேடலாம், கட்டணம் இல்லை. ஆங்கில இதழ்களோடு தமிழ் முரசும் அதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அக்கால ஆங்கில இதழ்கள் பங்சார் என்பதை எழுதும்போது இரண்டாவது எழுத்தாக 'ஏ' போடாமல் 'யூ' போட்டார்கள். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடியவரை எனக்குக் கிடைத்தது மிகக் குறைவு. மாற்றித் தட்டியதும் செய்திகள் வரிசையாக வந்து நின்றன.

அவற்றில்தான் தேவகி கிருஷ்ணனைக் கண்டேன். 1952இல் டத்தோ ஓன் ஜாஃபாரின் மலாயா சுதந்திரக் கட்சி சார்பில் பங்சாரில் நின்று வென்றவர். மலாயாவில் மக்கள் வாக்களித்துப் பதவிக்கு வந்த முதல் பெண். இந்தியர் கட்சியான ம.இ.கா. அப்போது அம்னோ-மசீச கூட்டணிக்குள் வரவில்லை, ஓன் ஜாஃபாரின் பக்கம் நின்றது. இத்தனை பெரிய செய்தி நான் நாள்தோறும் நடக்கும் சாலைகளுக்குச் சொந்தமானது என்று அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. இதைத்தானா நடக்கவே இல்லை என்றார்கள்?

1952ஓடு நிறுத்திவிடாதீர்கள். உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் ஆண்டுதோறும் விலக, அந்த இடங்களுக்கு மீண்டும் தேர்தல் நடந்தது. ஒரே வட்டாரத்துக்குப் பல முடிவுகள் உண்டு. இன்றைய பங்சாரின் எல்லையை வைத்துக்கொண்டு அன்றைய வட்டாரத்தை அளக்கவும் கூடாது, இரண்டும் வேறு.

தேதிகளைக் குறித்துக்கொண்டு, என்னை அலைக்கழித்த அதே கட்டடத்துக்கு மீண்டும் போனேன். இம்முறை "தேர்தல் வரலாறு" என்று கேட்கவில்லை. ஆண்டையும் மாதத்தையும் எழுதி அரசிதழ்த் தொகுதியைக் கேட்டேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மேசைக்கு வந்துவிட்டது! பொருளைச் சொல்லிக் கேட்டால் அவர்கள் யோசிக்க வேண்டும். தேதியைச் சொன்னால் எடுத்துக் கொடுத்தால் போதும்.

உள்ளாட்சித் தேர்தல் ஏன் திரும்பவில்லை என்பதையும் எழுத நினைப்பவர்கள் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையத்தின் அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். 1965இல் நாடு முழுவதும் நிறுத்திவைக்கப்பட்ட அந்தத் தேர்தல்களை மீண்டும் நடத்தச் சொன்னது ஒரு தமிழர் தலைமையேற்ற ஆணையம். 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதற்கு நேர்மாறாகக் கதவைச் சாத்தியது. மலரில் இதற்குத் தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறேன். இடமில்லை என்று பதிப்புக் குழு சொன்னபோதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

செந்தூல்காரர்கள் யாரேனும் தேடப் புறப்பட்டால் அதே பிப்ரவரி 1952இலிருந்து தொடங்கலாம். தாளில் எழுதிய தேதியும் சங்க முத்திரை வைத்த கடிதமும் கையில் இருக்கட்டும்.